ஆயாவும் கல்லறைச் சுவரும்

எங்கள் ஆயா 2018-இல், தபசுக் காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலம் செத்துப்போனாள். கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டின்படி அவள் பிறந்தது 1925. தபசுக்காலத்து வெள்ளிக்கிழமையில் உசுரு போவது பாக்கியம் என்று காலனிப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். கல்யாணச் சாவு என்று ஆம்பளைகள் சொன்னார்கள். நான் எதுவும் பேசவில்லை. எனக்கிருந்த கவலை வேறு. பொணம் எந்தத் தெரு வழியாகப் போகும், எந்த வாசல் வழியாகக் கோயிலுக்குள் நுழையும், எந்தப் பக்கத்துக் குழியில் இறங்கும் என்கிற கவலை. 93 வருசம் வாழ்ந்து முடித்த ஒரு மனுசியை நினைத்து நிம்மதியாக அழக்கூட விடாமல், செத்த அன்றைக்கே இப்படிக் கணக்குப் போட வைக்கிறது சாதி. அதனால் அந்தக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் எங்கள் ஊர். ஊர்த்தெருவும் வேதம், சேரியும் வேதம். ஒரே கோயில், ஒரே சாமியார், ஒரே மாதா. ஆனால் கோயிலைச் சிலுவை வடிவத்தில் கட்டியிருக்கிறார்கள். நெடுக ஓடுகிற நடுப்பாகம் ஊர்த்தெருவுக்கு. வடக்குப் பக்கத்துக் கை எங்களுக்கு. எங்களுக்கென்று ஒரு பக்கவாசல். ஊர்த்தெரு முழுக்க நன்மை வாங்கி முடித்த பிறகுதான் எங்கள் முறை வரும். திருவிழாத் தேர் ஊர்த்தெருவைச் சுற்றிக் கோயிலுக்கே திரும்பிவிடும். சேரிப் பக்கம் தலைகாட்டாது. கல்லறைத் தோட்டத்தின் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு சுவர். மேட்டுப்பக்கம் அவர்களுக்கு, பள்ளத்துப்பக்கம் எங்களுக்கு. கார்த்திகை மாச மழையில் எங்கள் பக்கம் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரை இறைத்துவிட்டுத்தான் குழி வெட்டுவார்கள்.

கிறித்தவத்தில் சாதி உண்டா என்று இன்னும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்கிற ராபர்ட் தெ நொபிலி, உயர்சாதியாருக்குச் சந்நியாசியாக வேதம் சொன்னார். பிறகு மற்றச் சாதிகளுக்கென்று தனியாகப் பண்டாரசாமிகள் என்று ஒரு வரிசையே உண்டானது. சாமியார்களையே இரண்டாகப் பிரித்துத்தான் வேதம் பரவியிருக்கிறது. வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கோயிலில், இரண்டு சாதிகள் ஒன்றையொன்று பார்க்காமல் பூசை காண இரண்டு கூடங்களும் நடுவில் ஒரு சுவரும் வைத்தார்கள். 1910-இல்தான் அந்தச் சுவரை எடுத்தார்கள். எங்கள் ஊர்ச் சுவர் ஒன்றும் அதிசயமில்லை.

எங்கள் குடும்பம் வேதத்துக்கு வந்தது தாது வருசத்துப் பஞ்சத்தில். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையே தின்ற பஞ்சம் அது. எங்கள் பக்கத்தில் பாண்டிச்சேரி மிசன். பிரான்சு தேசத்துச் சாமியார்கள். பஞ்சக் காலத்தில் கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றவர்களில் ஆயாவின் தாத்தாவும் ஒருவர். 'கஞ்சிக்கு வேதத்தில சேந்தவங்க' என்று ஊர்த்தெருவில் இன்றைக்கும் சொல்வார்கள். சின்ன வயசில் பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் என்னிடம் அப்படிச் சொல்லிவிட்டான். அழுதுகொண்டே வந்து ஆயாவிடம் சொன்னேன். மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தவள் நிமிராமல் சொன்னாள்.

"ஆமா, கஞ்சிக்குத்தான் வந்தம். பசிச்சவனுக்குக் கஞ்சி ஊத்துன சாமியத்தான கும்புடணும்? ஊத்தாத சாமியயா கும்புடுவாங்க? நாளைக்கு அவனப் போயி கேளு, நீங்க என்னாத்துக்கு வந்தீங்கன்னு."

மறுநாள் நான் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை.

ஆயாவுக்குப் படிப்பு கிடையாது. புளியமரத்தடியில் உபதேசியார் வாயால் சொல்லச் சொல்ல மனப்பாடம் பண்ணியது அவ்வளவும். விசுவாச மந்திரம், பிரியதத்த மந்திரம், மாதா பிரார்த்தனை, மரித்தவர்களுக்கான மந்திரங்கள் எல்லாம் தலைகீழாகத் தெரியும். லத்தீன் பூசைக் காலத்து மறுமொழிகள்கூடத் தெரியும், அர்த்தம் தெரியாமல். கழுத்தில் உத்தரியம். இடுப்பில் செபமாலை. விடியற்காலம் நாலு மணிக்கு எழுந்து முழங்காலில் நின்றுவிட்டுத்தான் ஊர்த்தெருக்காரர் காட்டுக்கு நடவுக்கோ களைக்கோ கரும்புவெட்டுக்கோ போவாள். நடவு நடும்போதும் வாய் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். "நாத்து ஒரு கையி, மணி ஒரு கையி" என்று மற்றப் பெண்கள் கிண்டல் செய்வார்களாம். வேளாங்கண்ணிக்கு எத்தனை வருசம் நடந்தே போனாள் என்று அவளுக்கே கணக்கில்லை. செப்டம்பர் 8 பெரிய திருவிழா என்றால் அதற்கு ஒன்பது பத்து நாள் முந்தியே எங்கள் தெருப் பெண்கள் மூட்டை கட்டிவிடுவார்கள். ஆயாதான் முன்னால் போவாள்.

16 வயசில் கல்யாணம். எட்டுப் பிள்ளை பெற்று ஐந்து தங்கியது. தாத்தா ஊருக்குக் குழி வெட்டுகிறவர். சாவுக்குப் பறையடிப்பதும் அவர்தான். கல்லறைத் தோட்டத்தின் மேட்டுப் பக்கத்தில் அவர் வெட்டாத குழி கிடையாது. "அந்தப் பக்கத்துப் பொணம் அம்புட்டையும் எறக்கி மூடுனவரு ஒந்தாத்தா. அவரு சாவறப்ப இந்தப் பக்கத்துல வந்து படுத்தாரு" என்பாள் ஆயா. தாத்தா செத்தது 1979-இல். ஆயாவுக்கு அதன்பிறகு 39 வருச வாழ்க்கை இருந்தது. குடும்பம் அவள் கையில்தான் நின்றது. யார் படிக்கலாம், யார் மெட்ராசுக்குக் கட்டட வேலைக்குப் போகலாம், யார் யாரைக் கட்டலாம் என்பதையெல்லாம் அவள்தான் முடிவு செய்வாள்.

தெருவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் ஆயாவுக்குத்தான் முதலில் ஆள் வரும். சாமியார் வந்து அவஸ்தைப் பூசுவதற்குள் பல உசுரு போய்விடும். சேரிக்கு வர அவருக்கு நேரம் கிடைக்காது. அதனால் சாகிறவர்களின் காதில் சேசு மரி சூசை என்று சொல்வது, கண்ணை மூடிவிடுவது, குளிப்பாட்டுவது, ராத்திரி முழுக்கச் செபமாலை சொல்லிப் பொணத்துக்குக் காவலிருப்பது எல்லாம் ஆயாதான். பட்டம் பெறாத சாமியார் மாதிரி இருந்தாள். இதை நான் எழுதினால் சாமியார்களுக்குக் கோபம் வரலாம். எங்கள் தெருவில் கேட்டுப்பாருங்கள்.

அவளை ஒரு புனிதையாக்கி உங்கள்முன் நிறுத்த எனக்கு விருப்பமில்லை. எங்கள் தெருவுக்குத் தெற்கே நாலு வீடு அருந்ததியர். அவர்கள் வீட்டில் ஆயா தண்ணி குடிக்கமாட்டாள். "கோயில்ல ஊர்த்தெரு நமக்குச் செய்றதத்தான நீ அவங்களுக்குச் செய்ற?" என்று ஒருநாள் கேட்டேன். பதில் இல்லை. இரண்டு நாள் என்னிடம் பேசவும் இல்லை. மாறிவிட்டாள் என்று பொய் சொல்லமாட்டேன். கடைசி வருசத்தில், படுக்கையில் கிடந்தபோது, அந்த வீட்டுப் பெண் வந்து பாலாடையில் கஞ்சி ஊற்றினாள். வாங்கிக் குடித்தாள். மனசு மாறிக் குடித்தாளா, முடியாமல் குடித்தாளா என்பது அவளுக்கும் அவள் சாமிக்கும்தான் வெளிச்சம். எங்களுக்குள் இருக்கிற சுவர்களைப் பற்றி வெட்கத்தோடுதான் எழுதவேண்டியிருக்கிறது.

ஆயாவின் பக்திதான் சின்ன வயசில் எனக்கு எரிச்சல். இத்தனை அவமானத்தையும் வாங்கிக்கொண்டு எப்படி முழங்காலில் நிற்கிறாள்? அவளுடைய கடைசிப் பையனைச் சாமியாராக்க ஆசைப்பட்டாள். அவரும் குருமடத்துக்குப் போனார். இரண்டே வருசத்தில் 'தேவ அழைத்தல் இல்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே வருசம் போன ஊர்த்தெருப் பையனுக்கு அழைத்தல் இருந்தது. "கடவுள் எந்தத் தெருவுல நின்னு கூப்புடுறாரு ஆயா?" என்று கேட்டிருக்கிறேன். அதற்கும் அவள் கோபப்படவில்லை. "கூப்புட்டது அவருதான். மறிச்சது இவங்க" என்றாள்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை நடந்தது. அதற்குப் பிறகு லத்தீன் போய்த் தமிழ்ப் பூசை வந்தது. அதுவரை பீடத்தைப் பார்த்து நின்று பூசை வைத்த சாமியார், சனங்களைப் பார்த்துத் திரும்பி நின்றார். நன்மை வாங்க முழங்காலில் நிற்கிற கிராதியையும் எங்கள் கோயிலில் எடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் ஆயா ஒரே வார்த்தைதான் சொல்வாள். "முதுகக் காட்டிக்கிட்டு நின்ன சாமியாரே எங்க பக்கம் மொகத்தத் திருப்புனாரு. இந்த ஊர்த்தெருவு இன்னும் திருப்பல." சங்கத்தைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இத்தனை சுருக்கமாக எங்கள் நிலைமையைச் சொல்லிப் பார்த்ததில்லை.

இந்தக் கட்டுரையில் ஆயாவின் பெயரை எழுதவில்லை. காரணம் இதுதான். எங்கள் மாமா ஒருவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிக்கூடப் பெயர் இன்னொன்று. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போதே ஒரு வாத்தியார் நல்ல எண்ணத்தோடு இந்துப் பெயர் எழுதி, இந்து ஆதிதிராவிடர் என்று போட்டுவிட்டார். அந்தச் சான்றிதழில்தான் அவருக்கு வேலை கிடைத்தது. அந்த வேலையில்தான் எங்கள் குடும்பத்தில் முதல் காரை வீடு எழும்பியது. அவர் பிள்ளைகளும் அதே சான்றிதழில்தான் இருக்கிறார்கள். பெற்ற தாயின் பெயரைச் சிலுவைப் பெயராக அச்சில் போட்டால், யாராவது ஒருவர் அதைக் கத்தரித்து ஒரு மொட்டைக் கடுதாசியோடு அனுப்பிவிட முடியும்.

1950 ஆகஸ்டு 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகமாட்டார் என்றது. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990-இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் எங்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். ஊர்த்தெருவோடு ஒரே வரிசையில் நின்று போட்டி போட வேண்டும். கோயிலில் அவர்களோடு ஒரே வரிசையில் நிற்க முடியாத எங்களுக்கு, வேலைக்கு மட்டும் ஒரே வரிசை. 1989-ஆம் வருசத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கிறித்தவச் சான்றிதழ் வைத்திருப்பவருக்குக் கிடையாது.

சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்பவர், இந்து ஆதிதிராவிடத் தொழிலாளிகளுக்கு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடையைத் தனக்குக் கொடுக்கவில்லை என்று உச்சநீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்று 1985-இல் தீர்ப்பு வந்தது. பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரித்துவிடலாம் என்று 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரை செய்தது. அது பரிந்துரையாகவே கிடக்கிறது. 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவருடைய வழக்கில், கிறித்தவ நம்பிக்கையோடு இருந்துகொண்டு வேலைக்காக இந்து என்று சான்றிதழ் கேட்பது அரசியல் சாசனத்தின் மீது செய்யும் மோசடி என்று உச்சநீதிமன்றம் சொன்னது. செய்தியைப் படித்த அன்று எனக்கு ஆயாவின் ஞாபகம்தான் வந்தது.

ஏனென்றால் இந்த மோசடி என்கிற வார்த்தையை எங்கள் வீட்டில் முதலில் எடுத்தது மாமாவேதான். சாமியிடம் பொய் சொல்கிறோமே என்று அவருக்கு வருசக்கணக்காக உறுத்தல். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லட்டுமா என்று ஆயாவிடம் கேட்டிருக்கிறார். ஆயா சொன்னாளாம்:

"என்னாத்துக்குச் சொல்ற? ஒனக்கு நான் ஒரு பேருதான் வெச்சன். ரெண்டாவது பேரு வெக்க வெச்சது சர்க்காரு. பாவசங்கீர்த்தனம் பண்ணுனா சர்க்காரு வந்து பண்ணட்டும்."

இவள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடப் பூசையைத் தவறவிடாதவள். ஒரு பொய் சொன்னால் எங்கள் வாயில் மிளகாய் தேய்த்தவள். எது பாவம், எது பாவமில்லை என்று சாமியார் போட்ட பட்டியலும் அவள் போட்ட பட்டியலும் வேறு என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

எம்.ஏ. தமிழ் படிக்கப் போனபோதுதான் நான் அம்பேத்கரைப் படித்தேன். லீவில் வந்து ஆயாவிடம் சண்டை போட்டேன். இந்தச் சபையில் என்னாத்துக்குக் கிடக்கிற, அம்பேத்கர் 1956 அக்டோபர் 14-இல் நாக்பூரில் லட்சக்கணக்கான சனங்களோடு பௌத்தத்துக்குப் போகவில்லையா என்று கேட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"போனவங்களுக்கு இப்ப ஊருக்குள்ள வழி வுட்டுட்டாங்களா?"

நான் கொஞ்சம் தடுமாறினேன்.

"வுடலன்னா அந்த ஊருலயும் சண்டதான் போடணும். அங்க போயி போடுற சண்டய இங்கயே போடறன். இந்தக் கோயிலுக்குக் கல்லு சொமந்தது எங்க தாத்தா. சுண்ணாம்பு அரச்சது எங்க ஆயா. அவங்க சொல்றாங்கன்னு நான் எறங்கிப் போவணுமா?"

அம்பேத்கர் படம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடிக்கச் சொன்னாள். சாயங்காலம் இரண்டு படத்துக்கும் சேர்த்தே ஊதுபத்தி காட்டினாள். அவரைச் சாமியாக்காதே என்று சொன்னேன். "நீ சும்மா கெட" என்றுவிட்டாள்.

கோயிலை விட்டுப் போவது ஒரு போராட்டம் என்பதை இப்போதும் நான் மறுக்கவில்லை. நானே பூசைக்குப் போவதை விட்டு வருசமாகிறது. எங்கள் சின்னம்மா குடும்பம் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்டது. அங்கே பக்கவாசல் இல்லையென்று சொல்கிறார்கள். ஆனால் ஆயாவின் பக்தியை அடிமைத்தனம் என்று எழுதிய என் பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. அப்படி எழுதுவதற்கு முன்பே நான் ஒன்றைப் பார்த்திருந்தேன். பார்த்தும் மறந்திருந்தேன்.

2004-ஆம் வருசம், நவம்பர் 2, கல்லறைத் திருநாள். நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். மேட்டுப் பக்கம் எல்லாக் கல்லறைகளையும் மந்திரித்து முடித்த சாமியார், எங்கள் பக்கம் சேறாக இருக்கிறதென்று, சுவருக்கு அந்தப் பக்கம் நின்றபடியே தீர்த்தத்தை வீசித் தெளித்தார். பாதித் தண்ணி சுவரிலேயே பட்டது. எங்கள் சனம் மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு பேசாமல் நின்றது. வருசா வருசம் அப்படித்தான். ஆயா சேற்றில் நடந்து சுவர் ஓரம் போனாள். அவள் உயரத்துக்குச் சுவருக்கு மேல் தலை தெரியாது. குரல்தான் போனது.

"சாமி, இந்தப் பக்கம் வந்து தெளிங்க. அங்கருந்து தெளிச்சா செவுத்துக்குத்தான் மந்திரிச்ச மாதிரி ஆவுது. செவுத்துக்கு ஆத்துமா இல்ல சாமி."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அந்தச் சாமியார், இளம் வயசுக்காரர், அங்கியை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு சுற்றி வந்தார். சேற்றில் இறங்கி ஒவ்வொரு சிலுவையாகத் தெளித்தார். அதன்பிறகு வந்த சாமியார்கள் எல்லோரும் சுற்றி வரத்தான் வேண்டியிருந்தது.

2008 மார்ச்சில் எறையூரில், தனிப்பங்கு கேட்ட தலித் கிறித்தவர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் ஏற்பட்ட மோதலும், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்ததும் நாடறிந்த செய்தி. அந்தச் செய்தி எங்கள் பக்கத்து ஊர்களையெல்லாம் உலுக்கியது. எங்கள் இளைஞர்களும் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். நானும் அதில் இருந்தேன். மனு எழுதினோம். மேற்றிராணியார் இல்லத்துக்குப் போய்க் காத்திருந்தோம். பொறுமை, ஜெபம், பேச்சுவார்த்தை என்று ஆறு வருசம் ஓடியது. 2014-இல் ஒரு முடிவுக்கு வந்தோம். நம் தெருவில் அடுத்து விழுகிற பொணத்தைக் கோயில் தூம்பா வண்டியில் ஏற்றி, ஊர்த்தெரு வழியாக நடுவாசலுக்குக் கொண்டுபோய், மேட்டுப் பக்கத்திலேயே புதைப்பது. தூம்பா வண்டி என்பது சவப்பெட்டி வைத்து இழுக்கிற வண்டி. கோயில் பொதுச் சொத்துதான். அதுநாள் வரை எங்கள் பொணம் அதில் ஏறியதில்லை. எங்களுக்குப் பாடைதான்.

அப்போது ஆயாவுக்கு 89 வயசு. காய்ச்சலில் கிடந்தாள். அடுத்த பொணம் என்று நாங்கள் பேசியபோது எல்லார் கண்ணும் யாரை நினைத்தது என்று சொல்ல வேண்டியதில்லை. என் கண்ணும்தான். யாரோ போய் அவளிடம் சொல்லிவிட்டார்கள். என்னைக் கூப்பிட்டாள்.

"ஏ பொண்ணே, நான் எப்ப சாவறதுன்னு பாத்துக்கிட்டுக் கெடக்கிறீங்களாமே?"

எனக்கு நாக்கு எழவில்லை.

"என்னெப் பொணமா வெச்சித்தான் சண்ட போடணுமா? நான் உசுரோட இருக்கறன் இல்ல? உசுரோட கூட்டிக்கிட்டுப் போயேன்."

இரண்டு வாரத்தில் காய்ச்சல் விட்டு எழுந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு மணி அடிக்கு முன்பே, வெள்ளைச் சேலை கட்டி, என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஊர்த்தெரு வழியாக நடந்து போனாள். கோயிலின் நடுவாசல் படியில் உட்கார்ந்தாள். பின்னால் எங்கள் தெருப் பெண்கள் நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்தார்கள். கோஷம் இல்லை. செபமாலையை எடுத்து ஆரம்பித்தாள். பூசைக்கு வந்த ஊர்த்தெருவுக்கு வழி இல்லை. பக்கவாசல் வழியாகப் போங்கள் என்று எங்கள் பெண்கள் கையைக் காட்டினார்கள். எங்களுடைய பக்கவாசலை. சிலர் போனார்கள். பலர் போகவில்லை, வெளியே நின்று சத்தம் போட்டார்கள். ஒரு கல் வந்து விழுந்தது. போலீஸ் வந்தது. வந்த அதிகாரி, செபம் சொல்கிற கிழவிகளை எந்தச் சட்டத்தில் தூக்குவது என்று தெரியாமல் நின்றார். 153 மணியையும் உருட்டி முடித்தாள். திரும்ப ஆரம்பித்தாள்.

மத்தியானத்துக்கு மேல் பங்குச் சாமியார் வந்து குனிந்து, "பாட்டியம்மா, உங்களுக்கு என்னதான் வேணும்?" என்றார். "பூசதான் சாமி வேணும். இந்த வாசல்ல போயி காணணும்" என்றாள்.

மூன்று மாசம் சமாதானக் கூட்டம் நடந்தது. வாசல் பொது, தூம்பா வண்டி பொது, சாவு எந்தத் தெரு வழியாகவும் போகலாம் என்று எழுதிக் கையெழுத்தானது. சுவரைப் பற்றி மட்டும் பிறகு பேசலாம் என்றார்கள். 2016 டிசம்பரில் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவையே தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. அதைத் தமிழில் ஆயாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டாங்க. சரி. பரிகாரம் எப்ப?" என்று கேட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் நான் திரும்பக் கேட்டேன். ஆயா, நீ போனால் உன்னை மேட்டுப் பக்கத்தில் வைக்கட்டுமா? இந்தத் தடவை அவளிடமே கேட்டேன். வெகு நேரம் பேசாமல் இருந்தாள்.

"வாண்டாம். ஒந்தாத்தா பள்ளத்துல கெடக்கறாரு. என் புள்ளைங்க மூணு அங்க கெடக்குது. எங்க அம்மா கெடக்கறா. அவங்கள வுட்டுட்டு அந்த மேட்டுல போயி நான் என்னா பண்ணப்போறன், யாருகூடப் பேசப்போறன்? மேடு ஒசத்தின்னு அவங்கதான் நெனைக்கறாங்க. நீயும் நெனைக்கறியா? செவுத்த எடுங்க. என்னெ எடுக்காதீங்க."

எத்தனை கூட்டத்தில் நான் சமத்துவம் பேசியிருக்கிறேன். அவர்கள் இருக்கிற இடத்துக்கு நாம் போவதுதான் சமத்துவம் என்று என் புத்தியிலும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்ததை அந்தக் கிழவி கண்டுபிடித்துவிட்டாள். போக வேண்டியது நாங்கள் அல்ல. போக வேண்டியது சுவர்.

அவள் செத்த அன்றைக்கு, எழுதிக் கையெழுத்துப் போட்டதை மீறி, வண்டி பழுது என்றார்கள். எங்கள் பையன்கள் போய்ப் பார்த்தார்கள். ஒரு சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தார்கள். இரண்டு மணி நேரத்தில் அதைத் தேடி எடுத்து மாட்டினார்கள். ஊர்த்தெருவில் கதவுகள் சாத்திக் கிடந்தன. ஒரே ஒரு திண்ணையில், ஆயா வயசுள்ள ஒரு பெண், அந்த வீட்டு மல்லாட்டைக் காட்டில்தான் ஆயா முப்பது வருசம் களை வெட்டினாள், தூணைப் பிடித்து எழுந்து நின்று சிலுவை போட்டாள். உள்ளேயிருந்து யாரோ அதட்டினார்கள். அவள் உட்காரவில்லை. நடுவாசல் வழியாக ஆயா உள்ளே போனாள். பூசை முடிந்து, அவள் கேட்டபடியே, பள்ளத்துப் பக்கத்தில், தாத்தாவுக்குப் பக்கத்தில் இறக்கினோம். என் அண்ணன்தான் குழி வெட்டினான்.

சுவர் இன்னும் நிற்கிறது. மழைக்கு ஒரு மூலையில் கொஞ்சம் சரிந்தது. ஊர்த்தெருக்காரர்கள் அதைப் பூசிவிட்டார்கள். வழக்கும் மனுவும் நடந்துகொண்டிருக்கின்றன. நான் பூசைக்குப் போவதில்லை. நவம்பர் 2 அன்று மட்டும் கல்லறைக்குப் போகிறேன். சாமியார் சுற்றி வந்து எங்கள் பக்கம் தெளிக்கிறாரா என்று பார்ப்பதற்கு ஆள் வேண்டும். முன்பு ஆயா பார்த்தாள். இப்போது நாங்கள் பார்க்கிறோம்.

அவள் சிலுவையில் பெயரைப் பெரிசாக எழுதியிருக்கிறோம். பிரான்சு தேசத்துச் சாமியார் 1925-இல் பதிவேட்டில் எழுதிய அதே பெயர். அந்தப் பெயரை இந்தப் பக்கத்திலும் எழுத முடிகிற நாளுக்காகவும் சேர்த்துத்தான் சண்டை போடுகிறோம்.